பானையும் பங்கும்



நம் நாட்டில் தமிழர் இருவர் காலையில் சந்தித்துக்கொண்டால் முதலில் கேட்பது என்ன? "பசியாறிட்டீங்களா?" என்பதுதான். காலை உணவுக்கே பசியாறல் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நாம். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் "சுடா மாக்கான்?" என்று கேட்கிறார். மளிகைக் கடைச் சீனரும் சாப்பிட்டாயிற்றா என்றுதான் விசாரிக்கிறார். அடுத்தவர் வயிற்றைப் பற்றிக் கேட்பது நம் மூவருக்கும் பொதுவான மரியாதை.

இத்தனை அக்கறையாக ஊரை விசாரிக்கும் நாம், நம் வீட்டில் ஒருவரை மட்டும் விசாரிப்பதில்லை. அவர் யார் தெரியுமா? சோறாக்கி நமக்குப் போடுகிறவர்தான். "அம்மா, நீ சாப்பிட்டாயா?" என்று நாம் கடைசியாக எப்போது கேட்டோம்? எண்ணிப் பாருங்கள்.

இன்று நான் சமையலைப் பற்றிப் பேச வரவில்லை. அதில் என்னைவிடத் தேர்ந்த தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். சமைத்து இறக்கிய பிறகு பானையில் இருப்பதை எப்படிப் பங்கிடுகிறோம், யார் யாரோடு உட்கார்ந்து உண்கிறோம் என்பதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். ஒரு வீட்டில் அரிசி போதுமான அளவு இருந்தும் ஒருவர் பட்டினியாக இருக்க முடியும். அது வறுமையால் மட்டும் வருவதன்று, பங்கீட்டால் வருவது.

தோட்டத்துக் குடும்பங்களில் எல்லாரும் கூடி உண்பது அரிதாகிப் போனதற்குக் காரணம் உண்டு. பால்மரம் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏற ஏறப் பட்டையிலிருந்து பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே இருட்டோடு எழுந்து, பெரட்டில் நின்று, பேர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகைக்குப் போகும். பெரிய பிள்ளை தானே தேத்தண்ணி கலக்கிக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகும். அப்பாவும் அம்மாவும் பாலெடுத்து, நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பும்போது உச்சிப்பொழுது ஆகிவிடும். ஆளுக்கொரு நேரத்தில் ஆளுக்கொரு தட்டு. இதுதான் மூன்று நான்கு தலைமுறைகளாக நம் பழக்கம்.

வரலாறும் நம் தட்டில் கை வைத்திருக்கிறது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அதன் பிறகு 1948-இல் அவசரகாலம் வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவர்களைச் சோதனை போட்டு, சோறு எடுத்துப் போகாமல் தடுத்தார்கள். சில இடங்களில் வீட்டில் உலை வைக்கவே விடாமல், பொதுவில் சமைத்து அளந்து கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு தாய் தன் பங்கைக் குறைத்துப் பிள்ளைக்குப் போட்டாள் என்றால் அது தியாகம். அந்த நெருக்கடி தீர்ந்து பல காலமாகியும் அதே தாய் அதே போலக் கடைசியில் உண்கிறாள் என்றால், அதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நாம் சும்மா இருக்கலாமா?

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்பதற்கு என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1990-ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். என் அம்மா அப்போது கடைசித் தங்கையைச் சுமந்துகொண்டிருந்தார். ஒரு நாள் நிரையில் மரத்தடியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். தோட்டத்து லாரியில் ஏற்றிப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்குத் தமிழைத் தவிர வேறு மொழி வராது. அப்பா காட்டிலிருந்து வந்து சேரவில்லை. ஆகவே மொழிபெயர்க்க என்னை உடன் அழைத்துப் போனார்கள்.

மலாய்க்கார டாக்டரம்மா ஒருவர் அம்மாவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். பிறகு, "உன் அம்மா என்ன சாப்பிடுகிறார்?" என்று என்னிடம் கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்னத்தச் சொல்றது தம்பி, மிஞ்சினதச் சாப்பிடுவேன்னு சொல்லு" என்றார்.

மிஞ்சியதற்கு மலாயில் என்ன சொல்வது என்று எனக்குச் சட்டென்று வரவில்லை. கடைக் கணக்கில் கேட்ட சொல் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. "பாக்கி" என்றேன். மலாயிலும் அதற்கு மீதி என்றுதானே பொருள். டாக்டரம்மா விடவில்லை. "எதில் பாக்கி? மீன் இருக்குமா? முட்டை இருக்குமா?" என்றார். அம்மா தலையை ஆட்டினார். சோறும் குழம்பும் இருக்குமாம். மீன் இருந்தால் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்குமாம்.

நேயர்களே, அந்த மீனின் நடுத்துண்டு யார் தட்டில் விழுந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு மூத்த ஆண்பிள்ளை நான்தான். அதைச் சொல்லும் மொழி எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

அம்மாவுக்கு இரத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. தங்கை எடை குறைவாகப் பிறந்தாள். இருவரும் பிழைத்தது எங்கள் பாக்கியம். எல்லா வீட்டிலும் அப்படி அமைவதில்லை.

இப்போது இதன் விவரத்தைப் பார்ப்போம். நம் இரத்தத்தின் சிவப்பு அணுக்கள்தாம் மூச்சுக்காற்றின் உயிர்வளியை உடம்பெங்கும் சுமந்து செல்கின்றன. அந்த அணுக்கள் உண்டாக இரும்புச்சத்து வேண்டும். மாதவிலக்கில் பெண்களுக்கு மாதந்தோறும் இரத்தம் போகிறது. கருவுற்றிருக்கும்போது குழந்தைக்கும் சேர்த்து இரத்தம் ஊற வேண்டியிருக்கிறது. ஆக, வீட்டில் இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுகிறவர் யார்? அம்மாவும் வயதுக்கு வந்த மகளும்தான். மீனும் முட்டையும் கறியும் கடைசியில் போய்ச் சேருகிறவர்கள் யார்? அவர்களேதான்! தேவை அதிகமான இடத்தில் பங்கு குறைவு. 2019-ஆம் ஆண்டில் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், மகப்பேற்று வயதிலுள்ள மலேசியப் பெண்கள் 10 பேரில் 3 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. இது ஏதோ பழைய காலத்து நோய் என்று நினைத்துவிடாதீர்கள்.

இதற்குப் பெரிய செலவு வேண்டாம். கோழி ஈரல், முட்டை, மத்தி மீன், பயறு வகைகள், வேலியோரத்து முருங்கைக்கீரை ஆகியவற்றில் இரும்புச்சத்து இருக்கிறது. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. கூடவே கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ, தக்காளியோ, கொய்யாப்பழமோ சேர்ந்தால் ஏற்றுக்கொள்ளும். இன்னொன்றும் முக்கியம். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம்மவர் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்பு, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கருவுற்ற தாய்மார்கள் அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம்; வெறும் தண்ணீரே போதும்.

பானையின் பங்கீட்டைப் பற்றிச் சொன்னேன். பானைக்கு வருவதற்கு முன்பே வெளியே போய்விடும் பங்கு ஒன்று உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மைதான் பேசியவனாவேன்.

தென்னம்பாளையைச் சீவினால் வடிவது இனிப்பான சாறு. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது புளிக்காமல் பதநீராகவே இருக்கும். தடவாவிட்டால், காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதிலுள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும். அதுதான் கள். மேலும் வைத்திருந்தால் காடியாகிவிடும். கள்ளில் சத்து இருக்கிறது, உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று பேசுவோர் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் சத்து இருப்பது மெய்தான். ஆனால் அந்தக் காசுக்கு ஒரு தட்டு முட்டை வாங்கினால் கிடைக்கும் சத்து எவ்வளவு என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டுமல்லவா?

வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. வேலை முடிந்த கையோடு போக வேறு இடம் கிடையாது. படிப்பகம் கிடையாது, பந்தடித் திடல்கூடப் பல இடங்களில் கிடையாது. கொடுத்த கூலியில் ஒரு பகுதி கடை வழியாகத் திரும்பிப் போய்ச் சேர்ந்தது. இதை நம் தொழிலாளர்கள் உணராமலில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் கோரிக்கையாக இருந்தது. போருக்குப் பின், 1946, 1947-ஆம் ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன்னால் மறியல் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று இகழப்பட்ட மக்கள், தங்கள் வீட்டுப் பானை எங்கே ஓட்டையாகிறது என்பதைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள்.

"வெள்ளைக்காரன் சாப்பாட்டு மேசையிலேயே மது வைத்துக் குடிக்கிறானே, அவன் குடும்பம் கெட்டதா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இத்தாலி, பிரான்சு போன்ற நாடுகளில் திராட்சை மதுவைக் குடும்பத்தோடு உட்கார்ந்து, உணவுக்கு இடையே, சிறு கோப்பையில் குடிக்கும் வழக்கம் உண்டு. அங்கே மது குடும்பத்தின் மேசைக்கு வந்தது. இங்கே மனிதன் குடும்பத்தை விட்டு மதுவிடம் போனான். அங்கே வயிற்றில் உணவு இருந்தது. இங்கே காலையிலிருந்து வெறும் வயிறு. வெறும் வயிற்றில் சாராயச் சத்து வேகமாக இரத்தத்தில் ஏறும். மனைவி மக்களின் கண்ணெதிரே குடிப்பவனுக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கும். கூட்டாளிகளோடு மரத்தடியில் குடிப்பவனுக்கு ஏது கட்டுப்பாடு?

இதைச் சொன்னதும், "அப்படியானால் வீட்டிலேயே வைத்துக் குடிக்கலாமா வாத்தியாரே?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த நாடுகளிலும் கல்லீரல் கெட்டுச் சாகிறவர்கள் இருக்கிறார்கள். உடலுக்குக் கேடு செய்யாத அளவு என்று மதுவில் எதுவும் கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது கோப்பையை அன்று. கூடி உட்காரும் பழக்கத்தை.

இன்று பல தோட்டங்களில் பழைய கள்ளுக்கடை இல்லை. அந்த இடத்தை மலிவான சம்சு பிடித்துக்கொண்டிருக்கிறது. கள்ளைவிடச் சம்சு பல மடங்கு காரமானது. கள்ளத்தனமாகத் தயாரிக்கப்படும் சரக்கில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்திருக்கக்கூடும். மணத்தாலோ நிறத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் அப்படிப்பட்ட மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். குடித்த மறுநாள்கூட நஞ்சு வேலை காட்டலாம். கண் மங்குவது, தலைவலி, வாந்தி, மூச்சு வாங்குவது ஆகியவை தெரிந்தால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காலம் தாழ்த்தினால் கண் போகும், உயிரும் போகும்.

ஒரு சின்னக் கணக்கு. நாளைக்கு 6 வெள்ளி குடிக்குச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 26 நாள் என்றால் 156 வெள்ளி. ஆண்டுக்கு 1,872 வெள்ளி. 2025-இல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று ஆனது. ஆக, ஆண்டில் ஒரு மாதம் முழுவதும் பெரட்டுக்கு நின்று, மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டு உழைத்தது எல்லாம் போத்தலுக்காகவே என்றாகிறது. இந்தக் கணக்கை என் வகுப்பு மாணவர்களுக்குப் பெருக்கல் கணக்காகப் போடச் சொன்னேன். ஒரு பையன் விடையை எழுதிவிட்டு, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? நான் பெரிய சீர்திருத்தம் எதுவும் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு வேளை, இரவுச் சாப்பாடு. முடிந்தால் தினமும், தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் வாரத்தில் மூன்று நாளாவது. வீட்டிலிருக்கும் எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும். எல்லாரும் என்றால் அம்மாவும் சேர்த்துத்தான். சட்டி, பானை, தண்ணீர் எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டால், அம்மா எழுந்து எழுந்து ஓட வேண்டிய அவசியமில்லை. அவரவருக்கு வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்ளலாம். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் போடலாம்.

மீன் ஆறு துண்டு, ஆள் ஆறு பேர் என்றால் ஆளுக்கொரு துண்டு. நான்கு துண்டுதான் இருக்கிறதா? முள்ளை எடுத்து உதிர்த்துக் குழம்பிலே போட்டுவிடுங்கள். எல்லார் தட்டுக்கும் போகும். சுகாதார அமைச்சு சொல்லும் முறையும் எளிதுதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ, மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். பருப்பும் சோறும் சேரும்போது ஒன்றில் குறைவது மற்றதில் நிறைகிறது. நம் முன்னோர் அறியாமல் செய்த சேர்க்கையன்று அது.

சாப்பிடும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்திவிடுங்கள். கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வையுங்கள். அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள். பரீட்சையில் எத்தனை புள்ளி என்று தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பிள்ளை மறுநாள் பசியில்லை என்று படுத்துவிடும். சாப்பாட்டு நேரம் வழக்கு விசாரிக்கும் நேரமன்று.

குடிப்பழக்கம் உள்ள தந்தை இருந்தால், முதலில் வீட்டுக்கு வந்து சாப்பிடட்டும். அவருடைய தட்டையும் சேர்த்தே வையுங்கள். வயிறு நிறைந்தவருக்குக் கடைக்குப் போகும் வேகம் கொஞ்சமாவது குறையும். பல ஆண்டுகளாகத் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். ஆகவே கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லி, அவர் உதவியோடு நிறுத்துவதே நல்லது. கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடி உதை என்ற நிலை வந்துவிட்டால், தாய்மார்களே, அதைச் சாப்பாட்டால் தீர்க்க முடியாது. அக்கம்பக்கத்தாரிடமோ, தொழிற்சங்கத்தாரிடமோ, போலீசிலோ சொல்லித்தான் ஆக வேண்டும்.

நம்மைச் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்கு முதல்நாள் இரவு, எந்த ஊரில் வேலை பார்த்தாலும் பிள்ளைகள் வீடு வந்து சேர்ந்து குடும்பத்தோடு உண்கிறார்கள். நோன்பு மாதத்தில் மலாய்க்காரக் குடும்பங்கள் மாலை வேளையில் உணவை முன்னே வைத்துக்கொண்டு, நோன்பு துறக்கும் நேரத்துக்காகச் சேர்ந்து காத்திருக்கின்றன. நமக்கும் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு, கோவில் திருவிழாவில் அன்னதானம் உண்டு. அன்னதானத்தில் யாரென்றே தெரியாதவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்துப் பரிமாறுகிறோம். அந்த உபசாரத்தில் பாதியை வீட்டிலுள்ள அம்மாவுக்குச் செய்யக்கூடாதா?

என் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். அம்மா மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு, அப்பா அன்றோடு குடியை விட்டுவிட்டார் என்று சொன்னால் அது சினிமாக் கதையாகிவிடும். அவர் விடவில்லை, விடுவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் அன்று மாலை அவர் கடைக்குப் போகவில்லை. சோறு போட்டதும், "ஏ புள்ள, ஒந்தட்ட எடுத்துட்டு வா" என்றார். அம்மா, "நான் அப்புறம் சாப்பிடுறேன், நீங்க சாப்பிடுங்க" என்றார். அப்பா கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். நாங்களும் உட்கார்ந்திருந்தோம். சோறு ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். எங்கள் லயத்து வீட்டில் அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. அவர் எவ்வளவு மெதுவாகச் சாப்பிடுவார் என்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

அன்பு நேயர்களே, இன்று இரவு உங்கள் வீட்டில் சோறு இறக்கியதும் தட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஆள் எத்தனையோ தட்டு அத்தனை இருக்கிறதா? குறைந்தால் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, பிறகு சோற்றில் கை வையுங்கள்.